அலவாங்கு பிடிக்க வாருங்கள்

பிரித்தானியாவில் வளர்ந்த தமிழ் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களிடம் ஒன்றைக் கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்பது பணம் அல்ல. உங்கள் கோடை விடுமுறையில் ஒரு கிழமை. அந்தக் கிழமையில் வடக்கு வேல்ஸுக்கு வாருங்கள். மலையில் ஏறும் ஒரு சின்ன ரயில்பாதையில் எங்களோடு நின்று வேலை செய்யுங்கள். புதர் வெட்ட வேண்டும், சல்லி அள்ள வேண்டும், வாய்க்காலில் இறங்கிச் சேறு வார வேண்டும். மழை பெய்தால் நனைந்துகொண்டே செய்ய வேண்டும். கூலி கிடையாது. அப்படியிருந்தும் ஏன் அழைக்கிறேன் என்பதைச் சொல்கிறேன், பொறுமையோடு வாசியுங்கள்.

நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். சனி, ஞாயிறுகளில் முடிந்தபோதெல்லாம் ஃபெஸ்டினியோக் ரயில்பாதைக்குப் போய்த் தண்டவாளக் குழுவோடு நிற்பவள். பல தேசத்து மனிதர்களை அங்கே பார்க்கிறேன். நம் பிள்ளைகளைத்தான் காணவில்லை. பயணிகளாக வருகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், தேநீர் குடித்துவிட்டுப் போகிறீர்கள். வேலிக்கு இந்தப் பக்கம் வரலாம் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் அது என்ன பாதை என்று தெரிந்துகொள்ளுங்கள். போர்த்மாடோக் துறைமுகத்திலிருந்து பிளைனை ஃபெஸ்டினியோக் என்ற மலையூர் வரை 21 கிலோமீற்றருக்குச் சற்று மேல். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் 60 சென்றிமீற்றர்கூட இல்லை. 1832-இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றால் உருவாகி, 1836-இல் திறக்கப்பட்டது. மலையில் வெட்டிய சிலேட் கல்லைக் கப்பலுக்குக் கொண்டுபோவதே அதன் வேலை. பாதை முழுவதும் சீரான இறக்கம் இருக்கும்படி அமைத்தார்கள். சிலேட் ஏற்றிய பெட்டிகள் தம் பாரத்திலேயே கடலை நோக்கி உருண்டு வரும். வெறும் பெட்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துப் போகும். கீழே வரும்போது அந்தக் குதிரைகளும் ஒரு பெட்டியில் ஏறி நின்று வரும்.

இவ்வளவு ஒடுங்கிய பாதையில் நீராவி எஞ்சின் ஓடாது என்றே பல பொறியியலாளர்கள் எண்ணியிருந்தார்கள். 1863-இல் இங்கே ஓடியது. 1870-இல், முன்னும் பின்னும் திரும்பும் சக்கரத் தொகுதிகள் கொண்ட ஃபேர்லி எஞ்சினைப் பார்க்க ரஷ்யாவிலிருந்தே ஒரு குழு வந்தது. குறைந்த செலவில் மலைக்கு ரயில் விட முடியும் என்பதை உலகம் இங்கேதான் கண்டுகொண்டது. 1842-இல் தீயில் எரிந்த ஹம்பர்க் நகரம் திரும்ப எழுந்தபோது அதன் கூரைகளுக்குச் சிலேட் இந்த மலையிலிருந்து கப்பல் ஏறியது. அந்தச் சிலேட்டை வெட்டியவர்களில் பலர் நுரையீரலில் தூசு படிந்து இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அழகான மலைக்காட்சிக்குப் பின்னால் இருப்பது தொழிலாளரின் வாழ்வு.

பிறகு ஓடு வந்தது, லொறி வந்தது, போர் வந்தது. 1939 செப்டெம்பரில் பயணிகள் சேவை நின்றது. 1946 ஓகஸ்டில் சிலேட்டும் நின்றது. பெட்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆனால் தண்டவாளத்தைக் கழற்றி இரும்புக்கு விற்க முடியவில்லை. 1832-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதையை மூடுவதற்கு வழியே எழுதப்படவில்லை. மூட இன்னொரு சட்டம் வேண்டும், அதற்குச் செலவழிக்கப் பணமில்லை. அந்த விடுபாடுதான் பாதையைக் காப்பாற்றியது. சிலிப்பர் கட்டைகள் உக்கின, தண்டவாளங்களுக்கு நடுவே மரங்கள் முளைத்தன, முட்புதர் பெட்டிகளை மூடியது. ஆனாலும் பாதை போகவில்லை.

இதே வேல்ஸில் டாலிலின் என்ற இன்னொரு சிறு ரயில்பாதை அப்போது சாகக் கிடந்தது. அதன் உரிமையாளர் 1950 ஜூலையில் காலமானார். எழுத்தாளரும் பொறியியலாளருமான எல். டி. சி. ரோல்ட் அந்த ஒக்டோபரில் பர்மிங்ஹாமில் ஒரு கூட்டம் கூட்டினார். நாமே ஓட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். 1951 மே 14-இல் ஓட்டியும் காட்டினார்கள். தொண்டர்கள் கையேற்று ஓட்டிய ரயில்பாதை என்று உலகத்தில் அதற்கு முன் ஒன்று இருந்ததில்லை. பாதையோடு வந்த இரண்டு பழைய எஞ்சின்களில் ஒன்றுதான் ஓடும் நிலையில் இருந்தது. பெரிய திட்டம், பெரிய முதல் எதுவும் இருக்கவில்லை.

அந்தத் துணிவைப் பார்த்து ஃபெஸ்டினியோக்கையும் மீட்போம் என்று முதலில் குரல் எழுப்பியவர் யார் தெரியுமா? பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த லெனர்ட் ஹீத் ஹம்ஃப்ரிஸ். அப்போது அவருக்கு வயது 17. உங்களில் பலரைவிடச் சின்னவர். 1951 செப்டெம்பரில் பிரிஸ்டலில் அதற்கென ஒரு கூட்டம் நடந்தது. பழைய கொம்பனியின் கடன்கள் வழியை மறித்தன. மூன்று ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1954-இல், அலன் பெக்லர் என்பவர் கொம்பனியின் பெரும்பங்கை வாங்கினார். வாங்கிய பங்குகளைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளாமல் அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் விட்டார். 1955 ஜூலை 23-இல், கழிமுகத்தைக் கடக்கும் நீண்ட அணைக்கட்டின் மேல், போர்த்மாடோக்கிலிருந்து பொஸ்டன் லொட்ஜ் வரை மீண்டும் பயணிகள் போனார்கள். ஒன்றரைக் கிலோமீற்றர்தான். ஆனால் அது தொடக்கம். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒவ்வொரு நிலையமாக மேலே ஏறினார்கள்.

இனி வருவதுதான் நான் உங்களுக்குச் சொல்ல மிகவும் விரும்புவது.

பாதையை மீட்க ஆள் சேர்ந்துகொண்டிருந்த அதே நாள்களில், பாதையோரத்து டானிகிரிஷியை என்ற ஊரில் நீர்மின் நிலையம் ஒன்று கட்ட அனுமதி கிடைத்தது. அதற்கான நீர்த்தேக்கம் பாதையின் மேற்பகுதியையும் பாதை புகுந்து போன பழைய சுரங்கத்தின் வாயையும் மூழ்கடித்துவிடும். மீட்புப் பணி பாதிதூரம் வருவதற்குள் மீட்க வேண்டிய பாதை தண்ணீருக்கடியில் போய்விட்டது. நட்ட ஈட்டு வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. கிடைத்த தூரம் வரை ஓட்டிப் பிழைத்துக்கொள்வோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அவர்கள் மலையைச் சுற்றி 4 கிலோமீற்றர் புதுப்பாதை வெட்ட முடிவெடுத்தார்கள். 1965 ஜனவரியில் முதல் மண்ணை வெட்டினார்கள். நீர்த்தேக்கத்துக்கு மேலே போக வேண்டுமென்றால் பாதையைப் பத்து மீற்றருக்கு மேல் உயர்த்த வேண்டும். அதற்கு இடம் இல்லை. எனவே தியால்ட் என்ற இடத்தில் பாதையை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வைத்து, கீழே வந்த தடத்தை மேலே பாலத்தால் கடக்கச் செய்தார்கள். பிரித்தானியாவின் பயணிகள் ரயில்பாதைகளில் இப்படியொரு சுருள் வேறெங்கும் இல்லை. அந்த இடத்துக்கு வாகனம் போகும் தெருவும் இல்லை. ஆளும் கருவியும் ரயிலில்தான் போக வேண்டும். மாணவர்கள், ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள் எனச் சம்பளமில்லாமல் விரும்பி வந்தவர்கள் வார இறுதிகளில் வந்து பாறையைத் துளைத்து, வெடி வைத்து, உடைந்த கல்லைச் சின்னத் தள்ளுபெட்டிகளில் ஏற்றித் தள்ளினார்கள். வெட்டிய கல்லே அடுத்த மேட்டுக்கு நிரப்பாயிற்று. 300 மீற்றருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள புதுச் சுரங்கத்துக்கு மட்டும் கோர்ன்வாலிலிருந்து மூன்று சுரங்கப் பொறியியலாளர்கள் ஒரு சிறு குழுவோடு வந்தார்கள். 1978 ஜூனில் ரயில் டானிகிரிஷியை போய்ச் சேர்ந்தது. 1982 மே 25-இல் பிளைனை ஃபெஸ்டினியோக் வரை ஓடியது. பிரிஸ்டல் கூட்டத்திலிருந்து எண்ணினால் முப்பது ஆண்டுகளுக்கு மேல்.

1965-இல் மண்வெட்டி பிடித்த பிள்ளைகள் பலர் தலைநரைக்கத் தொடங்கிய காலத்தில் அருகிலிருந்த இன்னொரு பாதையையும் எடுத்தார்கள். வெல்ஷ் ஹைலண்ட் ரயில்பாதை 1937-இல் மூடப்பட்டது. 1941-இல் போருக்கு இரும்பு வேண்டுமென்று அதன் தண்டவாளங்களைக் கழற்றிப் போய்விட்டார்கள். அங்கே எஞ்சியது வெறும் மண்மேடு. 1997-இலிருந்து 2011-க்குள் கனார்வனிலிருந்து போர்த்மாடோக் வரை 40 கிலோமீற்றரையும் திரும்பப் போட்டார்கள். பாலங்களும் பெரிய கட்டுமானமும் ஒப்பந்தக்காரர் வேலை. தண்டவாளம் பதிப்பில் பெரும்பங்கு தொண்டர்களுடையது. தூரத்து ஊர்களிலிருந்து வந்து தண்டவாளம் போட்ட ஒரு குழு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘ரெஸ்ட் ஒஃப் த வேர்ல்ட்’. அந்தப் பெயருக்குள் நீங்களும் அடங்குவீர்கள்.

இப்போது வேலை எப்படியிருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் எஞ்சின் ஓட்டலாம் என்ற ஆசையோடு மட்டும் வந்தால் முதல் நாளே சலித்துப்போவீர்கள்.

தண்டவாளம் ஓரிடத்தில் அமிழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்று பார்த்தால் தெரியாது. முழந்தாளிட்டு, கன்னம் தண்டவாளத்தைத் தொடுமளவுக்குக் குனிந்து, அதன் விளிம்போடு கண்ணை ஓட்ட வேண்டும். அப்போது இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் ஃபிஷ் பிளேட் இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் தெரியும். ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் அமிழ்ந்து எழும்பும். அடியிலுள்ள சேறும் தண்ணீரும் மேலே கக்கும். ஜாக்கி வைத்துத் தண்டவாளத்தைத் தூக்குவோம். சிலிப்பர் கட்டைக்கு இருபுறமும் சேறு பிடித்த சல்லியைத் தோண்டி எடுத்துப் புதுச் சல்லி போடுவோம். பிறகு இருவர் எதிரெதிரே நின்று, கல்லைக் கட்டைக்கு அடியில் இறுக்கி அடிப்போம். ஒருவர் வேகமாகவும் மற்றவர் மெதுவாகவும் அடித்தால் கட்டை சாய்ந்துவிடும். குறுக்கே ரசமட்டம் வைத்துப் பார்ப்போம். குமிழ் நடுவுக்கு வரவில்லை என்றால் மறுபடி தோண்டுவோம். ஒரு கட்டை முடிந்தால் அடுத்த கட்டை.

இன்னொரு நாள், தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் மர ஆப்புகளைப் பார்த்துக்கொண்டு பாதை நெடுக நடக்க வேண்டும். வெயில் காய்ந்தால் ஆப்பு சுருங்கித் தளரும். சுத்தியலால் தட்டினால் இறுகிய ஆப்புக்கு ஒரு சத்தம், தளர்ந்த ஆப்புக்கு ஒரு சத்தம். சில மணி நேரத்தில் உங்கள் காதுக்கே அது பிடிபட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக வாய்க்கால். ரயில்பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். மலையிலிருந்து வரும் நீர் பாதைக்கு அடியால் ஒழுங்காக வெளியேறாவிட்டால் நீங்கள் அடித்த கல் ஒரு மழைக்காலம் தாங்காது. அதனால் பாதி வேலை மண்வெட்டியும் வாளியுந்தான். படத்தில் வராத வேலை இது. பாதை நிற்பது இந்த வேலையில்தான்.

பொஸ்டன் லொட்ஜ் பட்டறையிலும் இடமுண்டு. 1879-இல் அதே பட்டறையில் கட்டிய ‘மெர்டின் எம்ரிஸ்’ என்ற இரட்டை எஞ்சின் இன்னமும் அங்கே இருக்கிறது. எஞ்சின் துடைப்பதில் தொடங்கி, ஃபயர்மேனாகி, டிரைவராகச் சில ஆண்டுகள் ஆகும். நடுவில் விதிமுறைப் பரீட்சை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுக்க, பூந்தோட்டம் பார்க்க, பெட்டிக்கு வர்ணம் பூச, பழைய கடிதங்களை ஒழுங்குபடுத்தவும் ஆள் வேண்டும். உங்களுக்கு ஏற்றது ஒன்று நிச்சயம் இருக்கும்.

இனி உங்கள் மனதில் எழும் கேள்விக்கு வருகிறேன். வேல்ஸ்காரரின் மலை, வேல்ஸ்காரரின் ரயில், நமக்கென்ன?

அந்த ரயில்களை மீட்க வந்தவர்களில் பெரும்பாலோரும் வேல்ஸ்காரர் அல்லர். பர்மிங்ஹாமிலிருந்தும் பிரிஸ்டலிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கும் அந்த ஊர் அந்நியம். அந்த மொழி தெரியாது. ஊர்க்காரர் சிலர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். வெல்ஷ் ஹைலண்ட் பாதையைத் திரும்பப் போட முயன்றபோது விவசாயிகளின் எதிர்ப்பும் இருந்தது, பொது விசாரணையும் நடந்தது. அவர்கள் கவலைக்கும் காரணம் இருந்தது, நிலம் அவர்களுடையது. ஆண்டுக்கணக்காக வந்து, மழையில் நின்று உழைத்து, ஊர்க்கடையில் சாமான் வாங்கி, ஊரவரோடு பழகித்தான் வெளியூரார் அங்கே தங்களுக்கு ஓரிடம் தேடிக்கொண்டார்கள். நாமும் அப்படியே தேடிக்கொள்ளலாம். போகும்போது பணிவோடு போங்கள். அங்கே வெல்ஷ் மொழி வீட்டிலும் கடையிலும் பேசப்படுகிறது. ஊர்ப்பெயர்களைச் சரியாக உச்சரிக்கக் கேட்டுப் பழகுங்கள். பெரிய மொழி ஒன்றின் பக்கத்திலே தன் மொழியைக் காப்பாற்றி வைத்திருக்கும் மக்களின் பாடு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை எழுதாமல் இந்த மடல் முடியாது.

நான் கொடிகாமத்துப் பக்கம் வளர்ந்தவள். 1990 ஜூனில் யாழ்தேவி ரயில் நின்றது. கோச்சி வரும் நேரத்தைக் கொண்டு நாள் பார்த்த ஊர்களில் அதன் பிறகு கோச்சியே வரவில்லை. தண்டவாளங்கள் பிடுங்கப்பட்டன, சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. நிலையங்கள் இடிந்தன. சனங்கள் அந்த மண்மேட்டில் நடந்து போனார்கள். 2014 ஒக்டோபர் 13-இல்தான் ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறைக்குப் போனது. அதை இந்தியக் கடனில் இந்திய நிறுவனம் கட்டிக் கொடுத்தது. வந்ததே பெரிது. ஆனால் நம்மில் எத்தனையோ பேர் அதற்குள் லண்டனிலும் பாரிஸிலும் ரொரன்ரோவிலும் இருந்தோம். நம் ஊர்ப் பாதைக்கு ஒரு கல் எடுத்துப் போடவும் நமக்கு வாய்க்கவில்லை.

போருக்காகத் தண்டவாளம் கழற்றப்பட்ட பாதை எப்படியிருக்கும் என்று உங்கள் அம்மா அப்பாவுக்குத் தெரியும். கேட்டுப் பாருங்கள். அதனால்தான் வெல்ஷ் ஹைலண்ட் பாதையில் 1941-இல் என்ன நடந்தது என்று கேட்டபோது யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இழந்த பாதை ஒன்றைச் சாதாரண மனிதர்கள் கூடித் தம் கைகளாலேயே திரும்பக் கொண்டுவரலாம் என்பதை நான் அங்கேதான் கண்டேன். நம் ஊரில் சிரமதானம் என்றால் குளம் தூர்வாருவார்கள், கோயில் வீதி திருத்துவார்கள், பள்ளிக்கூடத்துக்கு வேலி அடைப்பார்கள். வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு வருவார். அந்தப் பழக்கத்தை நாம் இங்கே கோயில் மண்டபத்துக்கும் சங்க விழாவுக்கும் மட்டும் வைத்துக்கொண்டுவிட்டோம். நாம் இருக்கும் நாட்டின் பொதுச் சொத்துக்கு அதைக் கொடுக்கவில்லை. கொடுத்தால்தான் இந்த நாடும் நம் ஊராகும் என்பது என் உறுதியான எண்ணம். குடியுரிமைப் பத்திரம் கிடைப்பதும் ஊர்க்காரராவதும் ஒன்றல்ல.

அங்கே நீங்கள் உண்மையாகவே தேவைப்படுகிறீர்கள். பாதையை மீட்ட தலைமுறை மெல்ல மெல்ல ஓய்கிறது. எந்த வாய்க்கால் எந்த மழைக்கு அடைக்கும், எந்த வளைவில் தண்டவாளம் நகரும் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. அவர்களுடைய தலையில் இருக்கிறது. பக்கத்தில் நின்று வேலை செய்தால்தான் அது கைமாறும். 2021-இல் வடமேற்கு வேல்ஸின் சிலேட் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஃபெஸ்டினியோக்கும் டாலிலினும் அதற்குள் அடக்கம். பட்டம் கிடைத்தது மகிழ்ச்சி. ஆனால் பட்டம் வாய்க்கால் வாராது.

பெற்றோருக்கும் ஒரு சொல். விடுமுறையில் பிள்ளையை அனுப்பினால் படிப்புக் கெடும் என்று பயப்படாதீர்கள். மேற்பார்வை இல்லாமல் யாரையும் தண்டவாளத்தில் இறக்க மாட்டார்கள். பயிற்சி தந்து, பாதுகாப்பு விதிகளைச் சொல்லித் தந்து, வயதுக்கும் பலத்துக்கும் ஏற்ற வேலைதான் கொடுப்பார்கள். ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரும் பள்ளி மாணவி ஒருத்தியும் ஒரே கட்டைக்கு எதிரெதிரே நின்று அடிக்கும் இடம் வேறெங்கே கிடைக்கும்?

வருவதற்கு வழி சுலபம். லண்டன் யூஸ்டனிலிருந்து லான்டட்னோ ஜங்ஷனுக்கு ரயில். அங்கே மாறி பிளைனை ஃபெஸ்டினியோக்குக்கு. இறங்கினால் எதிர்ப் பக்கத்திலேயே நம் சின்ன ரயில். தொண்டர்கள் தங்க மின்ஃபோர்த்தில் விடுதி இருக்கிறது. முதலில் தொண்டர் பொறுப்பாளருக்கு எழுதுங்கள்: எந்தக் கிழமை வரலாம், என்ன வேலை தெரியும், என்ன பழக விருப்பம் என்று. எதுவும் தெரியாது என்று எழுதினாலும் போதும். தனியே வரக் கூச்சமாக இருந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாருங்கள். தூரம் அதிகம் என்றால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு பாதை இருக்கும். டாலிலினுக்குப் பிறகு நாடு முழுவதும் இப்படி ஏராளமான பாதைகள் எழுந்திருக்கின்றன. அங்கே போய்க் கேளுங்கள்.

கணுக்கால் மூடும் உறுதியான பூட்ஸ், நல்ல மழைக்கோட், பழைய உடுப்பு மூன்று சோடி கொண்டு வாருங்கள். கையுறையும் அலவாங்கும் நாங்கள் தருவோம். அந்தக் கிழமையின் முடிவில் நீங்கள் அடித்த கட்டையின் மேலே ரயில் போகும். கட்டை அமிழாமல் நின்றால், அடுத்த ஆண்டு வரும் புதியவருக்கு அதை நீங்களே காட்டிக் கொடுங்கள். அப்படி ஒருவர் ஒருவருக்குக் காட்டிக் கொடுத்துத்தான் 1951-இலிருந்து இந்த வேலை நடந்துவருகிறது. அந்த வரிசையில் இனி நம் பிள்ளைகளும் நிற்க வேண்டும்.

அன்புடன்,
தண்டவாளக் குழுவில் நிற்கும் உங்கள் அக்கா